முதலில் படம், பிறகு கட்டு
பிள்ளைகளின் மணிக்கட்டு முறிவு: எலும்பு முறிவு வைத்தியரின் கேள்வி-பதில்

கேள்வி: ஆறு வயது மகள் ஊஞ்சலில் இருந்து விழுந்தாள். எலும்பு நசிந்திருக்கிறது என்று சொன்னவர்கள், பிளாஸ்டர் போடாமல் பண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவு இல்லையா? – கோண்டாவில்

பதில்: இல்லை. எலும்பு ஒரு பக்கம் புடைத்து மடிந்திருக்கிறது; குறுக்கே முறியவில்லை. தானாக ஆறிவிடும். பிரித்தானியாவில் சுமார் ஆயிரம் பிள்ளைகளிடம் செய்து 2022இல் வெளியான ஆய்வில், பண்டேஜ் சுற்றியவர்களுக்கும் விறைப்பான கட்டுப் போட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வித்தியாசம் இல்லை. மூன்று வாரம் போதும். மறுபடி எக்ஸ்ரே கேட்டு நச்சரிக்காதீர்கள்.

கேள்வி: எக்ஸ்ரே அனுப்பியிருக்கிறேன். முறிவா? – சாவகச்சேரி

பதில்: நீங்கள் தொலைபேசியில் எடுத்ததில் ஜன்னல் கம்பிதான் தெளிவாக விழுந்திருக்கிறது. பிள்ளையின் வயது இல்லை, எந்தக் கை என்று இல்லை, எப்போது விழுந்தது என்றும் இல்லை. வளரும் பிள்ளையின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்துப் பகுதி, படத்தில் முறிவைப் போலக் கறுப்புக் கோடாகவே தெரியும். வயது தெரியாமல் அதை வாசிக்க என்னால் முடியாது. நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்களுடன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: பதினொரு வயது மகன் மாமரத்தால் விழுந்தான். பரியாரியார் எண்ணெய் பூசி, இழுத்து, சிம்பு வைத்துப் புக்கை (மருந்துக் கட்டு) கட்டினார். இரண்டு வாரமாகியும் கை வளைவாகவே இருக்கிறது. வைத்தியசாலையில் இனி நிமிர்த்துவார்களா? – வடமராட்சி

பதில்: முறிவு நெரிவு வைத்தியத்தில் கைராசிக்காரர் நம் ஊரில் இல்லாமலில்லை. ஆனால் அவர்களிடம் போய்ச் சுகமாகிறவற்றில் பல, கோண்டாவில் பிள்ளையுடையதைப் போல எப்படிக் கட்டினாலும் ஆறுகிற முறிவுகள். எதைக் கட்டுகிறோம் என்று பாராமல் இறுக்கிக் கட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. புக்கையை அவிழ்த்தால் சிம்பு பதிந்த தடம், ஓரமெல்லாம் கொப்புளம், விரல்கள் ஊதிப் பளபளவென்று. முதல் இரண்டு நாளும் வீக்கம் ஏறும், கட்டு இளகாது. ஆறு மணித்தியாலம் இரத்தம் கிடைக்காத தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் ஆயுளுக்கும் மடங்கியே நிற்கும். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல்படவும் முடியாது, இந்த ஆபத்திலும் நாடி துடிக்கும். விரலை மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், நடுச்சாமமானாலும் கட்டை வெட்டிவிட்டு ஓடுங்கள். எங்கள் பிளாஸ்டருக்கும் இதே விதிதான்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். வளர்ச்சித் தட்டு விலகியிருந்தால் நிமிர்த்துவதற்கு ஏறக்குறைய முதல் வாரம்தான். அது கடந்தபின் பலவந்தமாக இழுத்தால் தட்டே சேதமாகி, கை வளராமல் நின்றுவிடலாம். ஆகவே வைத்தியர் தொடாமல் விட்டால் கோபிக்காதீர்கள். முன்கையில் பெருவிரல் பக்கமாக இருக்கும் ஆரை எலும்பின் நீளத்தில் முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத்தில்தான் வளர்கிறது; மகனுக்கு இன்னும் சில வருட வளர்ச்சி இருப்பதால் வளைவில் பெரும்பகுதி நிமிரும். நிமிராததைப் பிறகு சத்திரசிகிச்சையில் பார்க்கலாம். உடனே எக்ஸ்ரே எடுங்கள், ஒரு வருடமாவது கிளினிக்கை விடாதீர்கள். இனி யாரும் உருவக் கூடாது.

கேள்வி: பதின்மூன்று வயது. கிரிக்கெட் விளையாடும்போது கையூன்றி விழுந்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, பெருவிரல் அடிப்பள்ளத்தில் மட்டும் நோ. – கொக்குவில்

பதில்: அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருப்பது படகெலும்பு என்ற மணிக்கட்டுச் சிற்றெலும்பு. அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும். முறிவு என்றே எண்ணிக் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். இங்கே மட்டும் நச்சரியுங்கள். பொருந்தாமல் விட்டால் இருபது வயதில் மணிக்கட்டு தேயத் தொடங்கும்.

கேள்வி: பிளாஸ்டருக்குள் கடி தாங்கவில்லை. ஈர்க்கு விட்டுச் சொறியலாமா?

பதில்: கூடாது. உள்ளே புண்ணாகும், முறிந்த ஈர்க்கும் அங்கேயே கிடக்கும். மின்விசிறிக் காற்றில் பிடியுங்கள். விரல்களையும் பாருங்கள்.

கேள்வி: பிரண்டைத் துவையல் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் ஒட்டுமா?

பதில்: சோற்றுடன் தாராளமாகக் கொடுங்கள். பிளாஸ்டரை மட்டும் முன்கூட்டியே வெட்டாதீர்கள்.

கேள்வி: நேற்று பிளாஸ்டர் வெட்டினார்கள். சைக்கிள் ஓடலாமா?

பதில்: ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் மறுபடி முறிந்து வருகிறவர்கள் பலரும் இந்த மாதத்தில்தான் வருகிறார்கள்.