வேல்ஸ் நாட்டின் புனித டேவிட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் கார்டிஃப் நகரில் செவிலியராக இருக்கிறாள். மார்ச் 1 அன்று அங்கே புனித டேவிட் திருநாளாம். மக்கள் லீக் தண்டையோ மஞ்சள் டாஃபடில் பூவையோ சட்டையில் குத்திக்கொள்கிறார்களாம். எங்கள் பேரனுக்கும் டேவிட் என்றுதான் பெயர். இவர் சங்கீதம் பாடிய தாவீது ராஜாதானா? (வாசகி, களியக்காவிளை)

பதில்: இல்லை, அம்மா, இவர் வேறொருவர். தாவீது அரசர் கி.மு. 1000ஐ ஒட்டி எருசலேமில் ஆட்சி செய்தவர். வேல்ஸ் மக்கள் கொண்டாடுபவரோ அவருக்கு ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி. அரசரின் பெயரே துறவிக்கும் வந்தது. அவர்கள் மொழியில் அவர் 'தெவி'. பேரனுக்குப் பெயர் கொண்ட புனிதரின் திருநாளைக் கொண்டாட விரும்பினால், அரசருக்கு டிசம்பர் 29, துறவிக்கு மார்ச் 1. எதை எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

துறவியின் தாய் நொன்; அவர் பெயரில் ஒரு பழைய சிற்றாலயத்தின் இடிபாடும் ஒரு நீரூற்றும் வேல்ஸின் தென்மேற்கே பெம்ப்ரோக்‌ஷையர் கடலோரப் பாறைமேட்டில் இன்றும் உள்ளன. அதன் அருகேதான் மகன் நிறுவிய மடம் இருந்தது. 1181இல் கட்டத் தொடங்கிய பேராலயம் அந்த இடத்தில் நிற்கிறது. ஊருக்கும் அவர் பெயரே. 2,000 பேர்கூட இல்லாத, நம் கடற்கரைப் பங்குகள் பலவற்றைவிடச் சிறிய அந்த ஊருக்கு, இரண்டாம் எலிசபெத் அரசியார் 1995இல் நேரில் வந்து நகரத் தகுதியை வழங்கினார்.

அவருடைய வரலாற்றை ரிகிவார்க் என்பவர் லத்தீனில் எழுதியது 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், அதாவது அவர் மறைந்து ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பிறகு. ரிகிவார்க் அவ்வூர் ஆயரின் மகன். தம் ஊர் ஆயர், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை பேராயர் இருந்த கேன்டர்பரிக்குக் கீழ்ப்பட்டவரல்லர் என்று நிலைநாட்டும் அக்கறையும் அவருக்கு இருந்தது என்பதை மனத்தில் வைத்தே அந்நூலைப் படிக்க வேண்டும். ஆனாலும் அதில் வரும் மடத்து வாழ்க்கை நெஞ்சைத் தொடுகிறது. துறவிகள் உழவுக்கு மாடு பூட்டவில்லை, நுகத்தைத் தம் தோளிலேயே ஏற்றிக்கொண்டார்கள். உப்பிட்ட கீரையும் ரொட்டியும் உண்டு தண்ணீர் மட்டுமே குடித்தார்கள். "என் புத்தகம்" என்று ஒருவர் வாய்தவறிச் சொன்னாலும், எல்லாம் பொதுவாக இருக்கிற இடத்தில் "என்" என்ற சொல் வந்ததற்காகக் கடுமையான தவமுயற்சி விதிக்கப்பட்டது.

லீக் என்பது நம் வெங்காயத்தாளைப் போன்றது, தண்டு மட்டும் நன்றாகப் பருத்திருக்கும். படைவீரர்கள் போரில் அதை அடையாளமாகச் செருகிக்கொண்டார்கள் என்ற கதை மிகவும் பிற்காலத்தது. டாஃபடில் அதற்கும் பிந்தி வந்த வழக்கம்.

கேள்வி: நட்டாலம் தேவசகாயத்தைப் போல இவரும் மறைச்சாட்சியா? இல்லையென்றால் ஒரு நாடே எதற்காக இவரைப் பாதுகாவலராகக் கொண்டது? (வாசகர், பாறசாலை)

பதில்: விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைச்சாட்சி அல்லர். நம் தேவசகாயம் 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். டேவிட் முதிர்ந்த வயதில், மரபுப்படி 589ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று, தம் மடத்திலேயே கண்மூடினார். லாந்தெவி பிரெவி என்ற ஊரில் அவர் பேசியபோது எல்லாரும் கேட்கும்படி தரை மேடாக உயர்ந்தது, தோளில் வெண்புறா வந்தமர்ந்தது என்ற புதுமையைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது இரண்டு. ஒன்று, அண்டை நாடுகளின் பாதுகாவலர்களைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஸ்காட்லாந்தின் அந்திரேயா கலிலேயாக்காரர். அயர்லாந்தின் பேட்ரிக் பிரிட்டனிலிருந்து போனவர். டேவிட் ஒருவரே தம் மண்ணில் பிறந்து தம் மக்களுக்காக வாழ்ந்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருந்துகொண்டு தாய்மொழியைக் காத்துவரும் உங்களுக்கு, ஆங்கிலத்தின் அருகிலேயே தம் மொழியைக் காத்துவரும் அந்த மக்களுக்கு இவர் ஏன் உயிரானார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று அவருடைய கடைசி மறையுரை. 1346இல் வேல்ஸ் மொழியில் எழுதப்பட்ட ஏட்டில் அது இருக்கிறது: மகிழ்ச்சியாக இருங்கள், விசுவாசத்தைக் காத்துக்கொள்ளுங்கள், நான் செய்யக் கண்டதும் கேட்டதுமான சின்னச் சின்னக் காரியங்களைச் செய்யுங்கள். சாகப்போகிறவர் பெரிய காரியம் எதையும் கேட்காமல் இவற்றைக் கேட்டார். அந்தச் "சின்னக் காரியங்கள்" இன்றும் அங்கே அன்றாடப் பேச்சில் புழங்குகின்றன.

கேள்வி: மார்ச் 1 அங்கே பொது விடுமுறையா? (வாசகர், குழித்துறை)

பதில்: இல்லை. 2000இல் வேல்ஸ் சட்டமன்றம் ஒருமனதாகக் கேட்டும் விடுமுறையை முடிவு செய்யும் லண்டன் அரசு இணங்கவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது போன்ற ஏற்பாடுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தமே. குவினெத் மாவட்ட மன்றம் மட்டும் 2022இல் தன் ஊழியர்களுக்கு அந்த நாளை விடுமுறையாக அளித்தது. களியக்காவிளை வாசகியின் மகள் கார்டிஃபில் அன்று நடக்கும் ஊர்வலத்தைப் பார்க்க விரும்பினால், அன்றைய ஷிஃப்டை முன்னதாகவே மாற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.