கிரிப்டோ வெகுமதிகளால் திறமூல நிரலாளர்களுக்கு, அதாவது மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைப்பவர்களுக்கு, உண்மையில் லாபம் உண்டா?

இதைக் கேட்கும் நீங்கள் மாணவர் என்று நினைக்கிறேன். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நாலு திருத்தம் போட்டால், காசாக்கக்கூடிய கிரிப்டோ டோக்கன் கொட்டும் என்று யாரோ ஆசை காட்டியிருப்பார்கள். கிடைக்காது என்று சொல்லமாட்டேன், எனக்கே கிடைத்தது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டம். பகலில் ஈப்போவில் வேலை, இரவில் திறமூலம். எண்ணைத் தமிழ்ச் சொற்களாக மாற்றும் சின்ன நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். கோயில் ரசீதில் 1,250 வெள்ளியை (ரிங்கிட்) எழுத்தால் அடிப்பதற்காகத் தொடங்கியது.

2024 பிப்ரவரியில் ஸ்டார்க்நெட் என்ற கிரிப்டோ வலையமைப்பு, கிட்ஹப்பின் முன்னணித் திட்டங்களில் பங்களித்தவர்களுக்கும் டோக்கன் பங்கிட்டது. ஒரு பெரிய திட்டத்தில் எப்போதோ தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தியதற்கு எனக்கு நூற்றுச் சொச்சம் டோக்கன். ஏறும் என்று வைத்திருந்தேன், இறங்கியது. கடைசியில் விற்ற காசில் மோட்டாருக்கு டயர் மாற்றினேன். பேராசை என்னுடையது, யாரையும் குறை சொல்லவில்லை.

அதே சமயத்தில்தான் 'டீ' என்ற இன்னொரு டோக்கன் திட்டம் வந்தது. மேக் கணினியில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்புரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹாவெல் தொடங்கியது. உங்கள் நிரலை எத்தனை நிரல்கள் நம்பியிருக்கின்றனவோ அதற்கேற்ப டோக்கன். நல்ல எண்ணம்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் என் நிரலுக்கு ஒன்பது திருத்தக் கோரிக்கைகள். ஒரு வருஷத்தில்கூட அத்தனை வந்ததில்லை. சந்தோஷமாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் ஒரே சின்னக் கோப்பு, உரிமையாளர் என்ற இடத்தில் அவரவர் கிரிப்டோ பணப்பை முகவரி! 'ப்ளீஸ் சார், மெர்ஜ் பண்ணுங்க' என்று, அதை என் நிரலில் சேர்க்கச் சொல்லி ஒருவர். என் வீட்டு கிராண்டில், அதாவது பத்திரத்தில், தன் பெயரை எழுதிக்கொண்டு என்னிடமே கையெழுத்துக் கேட்கிறார்.

அதோடு நிற்கவில்லை. இந்த டோக்கனுக்காக, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்புகளின் கிடங்கான என்பிஎம்மில் கொட்டிய 150,000-க்கும் மேற்பட்ட குப்பைத் தொகுப்புகளை அமேசானின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் வெளிப்படுத்தினார்கள்.

தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். எடைக்குக் கூலி என்றால் பாலில் தண்ணீர் கலக்க ஆள் வருவான் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் குழாயை வாளியில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். 'டீ'க்காரர்கள் குழாயை மறந்துவிட்டுத் தராசை மட்டும் வைத்துவிட்டார்கள்.

'திறமூலத்துக்கு நிதி தரும் கிட்காயின் இல்லையா?' என்று சண்டைக்கு வராதீர்கள். அதன் மானியச் சுற்றுகளில் பலருக்குப் பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தொகையைவிடக் கொடுத்த தலைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம், அதனால் போலிக் கணக்குத் தொல்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பைச் சார்ந்த வேலை என்றால் தாராளமாகப் போங்கள். என்னைப் போல ரசீது நிரல் எழுதுகிறவனுக்கு அங்கே தலை எண்ண யார் இருக்கிறார்கள்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு முதல்நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, 'தம்பி, பிரிண்டர் ஓடல' என்று கோயில் கமிட்டியிலிருந்து போன் வரும். பிரிண்டர் நான் செய்ததில்லை, இருந்தாலும் போவேன். ஆண்டறிக்கையில் நாற்காலி கொடுத்தவர், பந்தல் போட்டவர், ஐஸ் கட்டி இறக்கியவர் வரை எல்லார் பெயரும் உண்டு. என் பெயரை மூன்று வருஷமாகத் தேடுகிறேன்.