"யா, யா" என்று தலையாட்டாதீர்கள்

தம்பி, ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்வு தேறி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதமாகியும் பேசுவது பிடிபடவில்லை, வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இங்கே 14 வருடம். முதலில் நம் தலையாட்டும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

வந்த புதிதில் கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி நீளமாக ஏதோ சொன்னார். முக்கால்வாசி ஷ்வேபிஷ், இந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கு. வகுப்பில் படித்த ஜெர்மனை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது. மரியாதைக்கு "யா, யா" (ஆமாம், ஆமாம்) என்றேன். இரண்டு நாள் கழித்து என் கதவில் சின்ன மரப்பலகை ஒன்று தொங்கியது. "கேர்வோஹெ" என்று எழுதியிருந்தது. அலங்காரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் கூட்டுவது என் முறை என்பதற்கான பலகையாம் அது! தலையாட்டிவிட்டுச் செய்யவில்லையே என்று ஆறு மாதம் அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருந்தால் விளக்குமாற்றைக் கையில் கொடுத்தே காட்டியிருப்பார்.

புரிந்த மாதிரி இருந்தாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். முக்கியமாக மணி. "ஹால்ப் ஆஹ்ட்" (நேராகப் பார்த்தால் அரை எட்டு) என்பதை எட்டரை என்று எடுத்துக்கொண்டால் போச்சு, அது ஏழரை. இங்கே "டிரைஃபியர்டல் ஆஹ்ட்" என்றும் சொல்வார்கள். நேராகப் பார்த்தால் முக்கால் எட்டு, அதாவது ஏழே முக்கால். "7.30தானே?" என்று எண்ணாகவே கேட்டுவிடுங்கள்.

போனில் பெயர் சொல்வது தனிக் கூத்து. என் பெயர் வேலன். ஆங்கிலப் பழக்கத்தில் "வீ, ஈ, எல்" என்று ஆரம்பித்தேன். அவர்கள் காதில் "வீ" டபிள்யூ (W) மாதிரி, "ஈ" ஐ (I) மாதிரி விழும். வேல் வில்லாகிவிட்டது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், அதனால் அந்தத் தப்பான பெயருக்கு வந்த கடிதம் வந்த வழியே திரும்பிப் போனது. இப்போது "ஃபௌ வீ விக்டர், ஏ வீ ஏமில், எல் வீ லுட்விக்" என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்கிறேன்; இந்த ஜெர்மன் "வீ" என்றால் "போல". 2022இல் இதற்கு ஊர்ப் பெயர்களை வைத்துப் புதுப் பட்டியல் வந்தது, ஆனால் பழைய பெயர்கள்தான் இன்னும் பலர் வாயில் வருகின்றன.

ஆங்கிலத்துக்கு மாறுகிறார்களே என்று வருத்தப்படாதீர்கள், உதவி செய்வதாக நினைத்துத்தான் மாறுகிறார்கள். "பிட்டெ டாய்ச், இஷ் லெர்ன நோஹ்" (தயவுசெய்து ஜெர்மனில், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார்கள். டாக்டரிடமும் ஒப்பந்தக் கையெழுத்திலும் மட்டும் இந்த வீம்பு வேண்டாம், அங்கே ஆங்கிலமே பேசுங்கள்.

பேசிப் பழக நல்ல இடம் அதே படிக்கட்டுதான். உங்கள் முறை வரும்போது சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். கட்டடத்து வயதானவர்களில் பலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, மாற வழியே இருக்காது. எனக்கு ஷ்வேபிஷ் சொல்லிக் கொடுத்தது அந்தக் கீழ்வீட்டு அம்மாதான்.