புளியில் ஊறி இளஞ்சிவப்பாகிப்போன குத்துவிளக்கு

வணக்கம். ஏற்காட்டு வீட்டில் கறுத்துப்போயிருந்த பித்தளைக் குத்துவிளக்கை இரவு முழுவதும் புளிக்கரைசலில் ஊறவிட்டதால் ஆங்காங்கே இளஞ்சிவப்பு படர்ந்துவிட்டதாகவும், அடுத்து அம்மோனியா கலந்த திரவத்தைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால், துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சுவதாலோ, கரைந்த செம்பு மீண்டும் மேலே படிவதாலோ அந்த நிறம் வருகிறது. பெரும்பாலும் மெல்லிய படலம்தான் என்பதால், மெருகுப் பசையை மென்துணியில் எடுத்துத் தேய்த்தால் நீங்கிவிடும். இனிமேல் புளியைத் தடவிய சில நிமிடங்களில் கழுவிவிடுங்கள்.

அம்மோனியா வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டதற்கு, குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறைகளை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமுமே காரணம் என்று 1921-இல் விளக்கப்பட்டது. வார்ப்பில் செய்த விளக்குத் தண்டுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. தகட்டை அடித்துச் செய்த குடமோ தட்டோ என்றால் நான் துணியமாட்டேன். கடையில் வாங்கும் மெருகுப் பசைகள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு, ஆகையால் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கழுவியதும் பாகங்களைத் தனித்தனியே கழற்றித் துடைத்து, மரைகளில் ஈரம் தங்காமல் வெயிலில் காயவைத்து, மேலே எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசிவிடுங்கள். சேலத்து வெயிலில் பளபளப்பு தாக்குப்பிடிக்கும் அளவுக்குச் சேர்வராயன் மலையின் மூடுபனியில் தாக்குப்பிடிக்காது.