777 போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மாங்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறோம். ஒட்டுக்கன்றுகளை விற்க நானே பிஎச்பி என்னும் நிரல்மொழியில் ஓர் இணையதளம் எழுதினேன். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), ஆண்டுக் கட்டணத்தில் பலரோடு பகிரும் திட்டம். கன்றுகளின் படங்கள் கோப்புறையில் ஏறவில்லை. ஸ்கிரிப்ட்டிலேயே, கோப்பின் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 755 கொடுத்துப் பார்த்தேன். அதற்கு அனுமதி இல்லை என்று பிழை வருகிறது. நிறுவனமோ, "777 போடுங்கள், அல்லது விலை கூடிய திட்டத்துக்கு மாறுங்கள்" என்கிறது. எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள், அம்மா.

லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பின் அனுமதியை அதன் உரிமையாளரோ, ரூட் என்னும் தலைமைக் கணக்கோதான் மாற்ற முடியும். கோப்புகளைச் சர்வருக்கு ஏற்றும் எஃப்டிபியில் நீங்கள் உருவாக்கிய கோப்புறை உங்கள் கணக்குக்குச் சொந்தம். ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது வெப் சர்வரின் பொதுக் கணக்கு என்றால், அடுத்தவர் வீட்டுப் பூட்டை மாற்ற வந்தவரைப் போலத்தான் அது, சர்வர் விடாது. வேறு சர்வருக்கு மாற்றும்போது நிறுவனமே கோப்புறையை ரூட் பெயரில் விட்டிருந்தாலும் இதே பிழை வரும். எஃப்டிபி மென்பொருளில் உரிமையாளர் பெயரைப் பாருங்கள். "என் ஸ்கிரிப்ட் எந்தக் கணக்கில் ஓடுகிறது?" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

உரிமையாளரை மாற்ற ரூட் வேண்டும்; அது உங்களிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் என்னும் மென்பொருள் வழியாக அவரவர் ஸ்கிரிப்ட்டை அவரவர் கணக்கிலேயே ஓட்டவும் அவர்களால் முடியும். பகிர்வுத் திட்டத்திலேயே செய்யக்கூடிய வேலை இது. இதைச் செய்யாமல் பெரிய திட்டத்தை விற்கப் பார்ப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

777 என்பது படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி, உரிமையாளர், அவர் குழு, மற்றவர் என்று இலக்கத்துக்கு ஒருவராக எல்லோருக்கும் எல்லாம் கொடுப்பது. பகிர்வு சர்வரில் பக்கத்துத் தளம் ஒன்று களவு போனால், அதன் வழியாக உங்கள் கோப்புறைக்குள்ளும் தீய ஸ்கிரிப்ட்டை வைக்க வழி பிறக்கும். ஸ்கிரிப்ட் உங்கள் கணக்கில் ஓடினால் கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்புக்கு 600.

இன்னொன்று. பிஎச்பியில் 755 என்று எழுதாமல் முன்னால் பூஜ்யம் சேர்த்து 0755 என்று எழுதுங்கள். பூஜ்யம் இல்லாவிட்டால் அது பதின்ம எண்ணாகி, அனுமதிகளை எழுதும் எண்ம முறையில் (0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும்) 1363 ஆகிவிடும். அப்போது கோப்புறையின் பட்டியலை உரிமையாளராலேயே படிக்க முடியாது.

எழுதிக் கேட்டும் சரிசெய்யாவிட்டால், கட்டண ரசீதையும் மின்னஞ்சல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். வியாபாரத்துக்கு வாங்கியதால் நாம் நுகர்வோர் இல்லையோ என்று தயங்க வேண்டாம்: சுயதொழிலால் பிழைப்பு நடத்தவே வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.