திருப்பூரில் சின்ன பனியன் யூனிட்: எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதை ஜாப் ஒர்க் (கூலிக்கு வெளியே செய்து வாங்குவது) கொடுப்பது?

கேள்வி இதுதான்: 25 தையல் மெஷினோடு ஒரு யூனிட் நடக்கிறது. நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), பிரின்டிங் எல்லாம் வெளியே. பேங்க் லோன் கிடைப்பதால் ஒரு நிட்டிங் மெஷின் வாங்கலாமா? பங்குதாரர் சொல்வதுபோல் கட்டிங்கை வெளியே கொடுத்துவிடலாமா? கணக்கு வழக்கையும் ஒரு ஆபீஸிடம் விட்டுவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிட்டிங் மெஷின் இப்போது வேண்டாம். கட்டிங்கை விடவே விடாதீர்கள். கணக்கை வெளியே கொடுக்கலாம், ஆனால் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் ரேட்டைத்தான் ஒப்பிடுவார்கள். வெளியே கிலோவுக்கு இவ்வளவு, நாமே ஓட்டினால் இவ்வளவு என்று. நான் பார்ப்பது வேறு. வேலை கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில் விழும்? அது கெட்டது எப்போது நம் கண்ணில் படும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

கட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டி-ஷர்ட்டின் அடக்கத்தில் பாதிக்கு மேல் துணிதான். வெளியே கட்டிங் செய்பவருக்குக் கூலி பீஸ் கணக்கு. துணி மிச்சமானால் அவருக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, வீணானாலும் அவருக்கு வலிக்காது. பீஸுக்கு 5 கிராம் கூடுதலாகப் போனால் 10,000 பீஸுக்கு 50 கிலோ. கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாய், ஒரே ஆர்டரில். அந்தத் துணி வேஸ்ட் மூட்டையில் போய்விடும், பில்லில் தெரியாது. அப்புறம் இன்னொன்று: ரோலைப் பிரித்தவுடன் வெட்டக்கூடாது. துணி இழுபட்ட நிலையில் சுற்றியிருக்கும். பிரித்துப் போட்டு அது தளர்ந்த பிறகுதான் லே போட (வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரிக்க) வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஜாப் ஒர்க்காரர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். அளவு குறைந்திருப்பது தைத்து அயர்ன் போடும்போதுதான் தெரியும். அதற்குள் எல்லாம் வெட்டியாகிவிட்டது. ஒரு லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணியில்) உடம்பும் இன்னொரு லாட்டில் கையும் கலந்து ஷேடு மாறிப்போவதும் கட்டிங் டேபிளில்தான் நடக்கிறது. அனுபவமுள்ள ஒரு கட்டிங் மாஸ்டரின் சம்பளம் இதற்கு முன்னால் பெரிய செலவே இல்லை.

ஃபைனல் செக்கிங்குக்கும் இதே காரணம்தான். தைத்தவரே செக் செய்து பாஸ் போட்டு அனுப்பும் ஏற்பாட்டை எந்த ரேட்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிட்டிங் கதை வேறு. மெஷின் வாங்கினால் ஒரு டயா (மெஷினின் விட்டம்), ஒரு கேஜ் (ஊசி நெருக்கம்) வாங்குகிறீர்கள். இன்றைக்கு வந்த ஆர்டர் சிங்கிள் ஜெர்சி, அடுத்தது ரிப், அதற்கடுத்தது இன்டர்லாக் என்று துணி வகை மாறும். ஒரு மெஷினை வைத்துக்கொண்டு மூன்றையும் ஓட்ட முடியாது. கடைசியில் உங்கள் மெஷின் சும்மா நிற்கும், நூல் வெளியே நிட்டிங்குக்குப் போகும், தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். ஜாப் ஒர்க் நிட்டர் பல கம்பெனிக்கு ஓட்டுவதால்தான் அவரால் அந்த ரேட்டுக்குத் தர முடிகிறது. வருடம் முழுக்க ஒரே துணி ஓடும் உள்நாட்டு பிராண்டு ஆர்டர் உங்களிடம் நிரந்தரமாக இருந்தால் மட்டும் இதை மறுபடி யோசிக்கலாம்.

டையிங்கைச் சொந்தமாக வைக்கும் பேச்சே நம் அளவுக்குக் கிடையாது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை இந்த ஊர் மறக்காது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஆகும் முதலீடு பெரிய கம்பெனிகளுக்கே பாரம். அந்தச் சமயத்தில் துணி வடமாநிலங்கள் வரை சாயத்துக்குப் போனது. எந்த வேலையை வெளியே கொடுத்தாலும் குறைந்தது இரண்டு இடங்களில் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

வெளியே கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. சாயத்திலிருந்து வந்த துணியை எடைபோட்டு மட்டும் இறக்கினால் போதாது. வட்ட கட்டரில் 100 சதுர செ.மீ. துண்டு வெட்டி, கிராம் தராசில் வைத்து, வந்த எடையை 100-ஆல் பெருக்குங்கள். 1.80 வந்தால் 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். நீங்கள் கேட்டது 180 ஆக இருந்து 1.90 வந்தால், கிலோ சரியாக இருந்தாலும் பரப்பளவு 100-க்கு 5 குறைந்திருக்கிறது, அவ்வளவு பீஸ் குறையும். ஈரம் முழுசாகக் காயாமல் வந்தாலும் தராசில் எடை கூடித்தான் காட்டும். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு லாட்டிலும் ரோல் மாற்றி மாற்றிச் செய்ய உங்கள் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

தையலைப் பொறுத்தவரை 25 மெஷினைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆர்டர் மந்தமான மாதத்தில் எத்தனை மெஷின் ஓடுமோ அந்த அளவுதான் உள்ளே இருக்க வேண்டும். ஆர்டர் இல்லாத வாரத்திலும் வாடகை, சம்பளம், இஎஸ்ஐயில் நம் பங்கு 3.25 சதவீதம், பிஎஃப், தீபாவளி போனஸ் எல்லாம் நிற்காது. சீசனில் மேலே வரும் பீஸ்களைப் பவர் டேபிளுக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் சின்ன யூனிட்டுக்கு) கொடுங்கள். ஆனால் எக்ஸ்போர்ட் ஆர்டர் என்றால் பையரிடம் அந்த யூனிட் பெயரைச் சொல்லி அனுமதி வாங்கிய பிறகுதான். சொல்லாமல் கொடுத்தது ஆடிட்டில் தெரிந்தால் ஆர்டரே கையை விட்டுப் போகலாம்.

பவர் டேபிள்காரர் "நாளைக்குக் காலைல வண்டி ஏத்தி உட்டறனுங்கண்ணா" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவரிடம் நான்கு கம்பெனி பீஸ் கிடக்கும். யார் சனிக்கிழமை தவறாமல் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் பீஸ்தான் முதலில் மெஷின் ஏறும். அவரும் ஆட்களுக்கு வாரக் கூலி கொடுத்தாக வேண்டும். கூலியை இழுத்தடிப்பதை நம் ஊரில் சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. சட்டமும் இப்போது அவர்கள் பக்கம். அவர் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்து, எழுத்து ஒப்பந்தமும் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அதைத் தாண்டி வருடக் கடைசியில் பாக்கி நின்றால் அந்தத் தொகையை அந்த வருட வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. துணி போகும்போது டெலிவரி சலான் போடுங்கள். ஒரு வருடத்துக்குள் திரும்பி வராத சரக்கை ஜிஎஸ்டியில் விற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கணக்கு எழுதுவதையும் ரிட்டர்ன் போடுவதையும் தாராளமாக வெளியே கொடுங்கள். இந்த அளவு யூனிட்டுக்கு முழுநேர அக்கவுன்டன்ட் தேவையில்லை. ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் பதிவான மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதா என்று இன்றைக்கே பாருங்கள். நிறைய பேருக்கு ஆடிட்டர் ஆபீஸ் நம்பர்தான் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் அங்கேதான் போகும், நமக்குத் தெரியும்போது பதில் சொல்லும் தேதி தாண்டியிருக்கும். அடக்க விலை போடுவதையும் யாரிடமும் விடாதீர்கள். பீஸுக்கு என்ன நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் பையரிடம் ரேட் பேச உட்கார முடியாது.

பிரின்டிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது இப்போதுபோல் வெளியிலேயே இருக்கட்டும். வெட்டிய பேனலாக அனுப்பி, தைப்பதற்கு முன்பே செக் செய்துவிடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் என்னென்ன துணி, எத்தனை கிலோ ஓடியது என்று கமென்டில் எழுதினால், நிட்டிங் மெஷின் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.