இரண்டாம் குரல்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலக ஆண்டு விழாவில் பாட 1985-இல் வந்த 'கான்த்தரே, கான்த்தராஸ்' என்ற ஸ்பானிஷ் பாடலை எடுத்திருக்கிறோம். நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். கரோக்கி டிராக் வைத்துப் பயிற்சி செய்கிறோம். எட்டுப் பேரும் ஒரே மெட்டை ஒரே சுருதியில் பாடுகிறோம், யாரும் பிசகுவதில்லை. தொடக்கம் நன்றாக இருக்கிறது. கோரஸ் வந்ததும் ஆண்கள் கத்துகிறார்கள், பெண்களின் குரல் கேட்பதே இல்லை. சுருதியைக் குறைத்தால் சரியாகுமா? எவ்வளவு குறைக்கலாம்?

இன்னொன்று. இது 'வீ ஆர் த வேர்ல்ட்' பாட்டின் நகல்தானே என்கிறார் குழுவில் ஒருவர். வரிகளின் பொருளைத் தேடிப் படித்தேன். அன்பு, ஒளி, சேர்ந்து பாடுவோம் என்று வழக்கமான சொற்கள்தான். அவ்வளவு பெரிய பாடகர்கள் சேர்ந்து ஏன் இவ்வளவு சாதாரணமான ஒரு பாட்டைப் பாடினார்கள்?

ஆர்., கோயம்புத்தூர்

*

அன்புள்ள ஆர்.,

மெட்டோடு சேர்ந்து, அதற்குக் கீழே வேறு ஸ்வரங்களில் பாடும் இரண்டாம் குரலைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாக மனதில் இருந்தது. உங்கள் கடிதத்தில் 'யாரும் பிசகுவதில்லை' என்ற வரியைப் படித்ததும் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது. எட்டுப் பேர் வேலையை விட்டு வந்து, தெரியாத ஒரு மொழியில் பாட்டுப் பயில்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த விஷயம்தான் உங்கள் கோளாறின் வேர்.

முதலில் நகல் என்று சொன்ன நண்பருக்கு. அமெரிக்கப் பாடகர்கள் 1985 ஜனவரி 28 இரவு லாஸ் ஏஞ்சலிஸின் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் கூடி, ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக 'வீ ஆர் த வேர்ல்ட்' பாட்டைப் பதிவு செய்தார்கள். அதே ஏப்ரலில் அதே ஸ்டுடியோவில் ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கப் பாடகர்கள் 'எர்மானோஸ்' என்ற பெயரில் கூடினார்கள். எண்ணம் அங்கிருந்து வந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. மெட்டும் கட்டுமானமும் ஆல்பர்ட் ஹாமண்ட், ஹுவான் கார்லோஸ் கால்தெரோன் ஆகியோருடையவை. கால்தெரோன் யார் என்று தெரியாமல் நகல் என்று சொல்லக் கூடாது. 1973 யூரோவிஷன் போட்டியில் ஸ்பெயினுக்கு இரண்டாமிடம் வாங்கித் தந்த 'எரெஸ் தூ' அவர் எழுதியது. அதைப் பாடிய மோசெதாதெஸ், பல குரல்களை அடுக்கிப் பாடும் ஆறு பேர் கொண்ட குழு. பல தொண்டைகளுக்காக எழுதப் பழகிய கை அது.

சொற்கள் சாதாரணம் என்பது குறையே இல்லை. ஓப்பரா பாடும் பிளாசிதோ தொமிங்கோ, சல்சா பாடும் செலியா குரூஸ், மெக்சிகோவின் ராஞ்செரா பாட்டுப் பாடும் விசென்தே பெர்னாந்தெஸ், தாய்மொழி போர்ச்சுகீசாக உள்ள ரொபெர்த்தோ கார்லோஸ் என எல்லோரும் ஒரே பாட்டில் ஆளுக்கு ஓரிரு வரி பாட வேண்டும். அந்த வரியில் சிக்கலான உவமையை வைத்தால் பாடுபவரின் குரலைக் கேட்கும் முன்பே வரி முடிந்துவிடும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டுப் பேரும் ஒரே மெட்டைப் பாடுகிறீர்கள் என்றால் எட்டுப் பேரும் முதல் குரல் பாடுகிறீர்கள். இந்தப் பாட்டு சேர்ந்த லத்தீன் பாலாடு என்ற மெல்லிசை வகை அப்படிக் கட்டப்பட்டதல்ல. அதற்கு இரண்டு பக்கம் உறவு. ஒரு பக்கம் 1960-களின் இத்தாலிய, பிரெஞ்சு மேடைப் பாடல்கள். இன்னொரு பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியூபாவின் சாந்தியாகோ நகரில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்த பொலேரோ என்ற காதல் பாடல் வகை. பியானோவும் வயலின் கூட்டமும் முதல் பக்கத்துச் சீதனம். குரலோடு குரல் சேர்வது பொலேரோ தந்தது.

பொலேரோவில் இதைச் செம்மையாகச் செய்தவர்கள் த்ரியோ லாஸ் பான்ச்சோஸ். 1944-இல் நியூயார்க்கில் உருவான குழு. அல்பிரேதோ கில், சூச்சோ நவாரோ இருவரும் மெக்சிகோக்காரர்கள், எர்னாந்தோ அவிலேஸ் போர்த்தோ ரிக்கோக்காரர். மூன்று கிதார், மூன்று குரல். கில் வாசித்த ரெக்கிந்தோ, சாதாரண கிதாரைவிட நான்கு ஸ்வரம் மேலே, அதாவது ச-விலிருந்து ம வரை ஏற்றிச் சுருதி சேர்க்கப்படும் சிறிய கிதார். பாட்டின் முகப்பில் துள்ளி வரும் அந்தக் கூர்மையான நாதம் அதனுடையது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அந்தக் குழுவில் முதல் குரல் பல முறை மாறியது. அவிலேஸ் போனார், பொலிவியாவிலிருந்து ராவுல் ஷா மொரேனோ வந்தார், பிறகு ஹுலித்தோ ரொத்ரிகெஸ், பிறகு ஜானி அல்பினோ. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு விதம். ஆனாலும் கேட்ட நொடியில் பான்ச்சோஸ் என்று தெரிந்தது. காரணம், கீழே நின்ற நவாரோவும் கில்லும் மாறவில்லை. முதல் குரலைக் கேட்டுத்தான் மக்கள் மயங்கினார்கள், ஆனால் அந்தக் குழுவைக் குழுவாக வைத்திருந்தவை கீழ்க் குரல்கள். 1964-இல் ஈடி கோர்மே என்ற பெண் பாடகியை முன்னால் நிறுத்தி 'அமோர்' தொகுப்பைப் பதிவு செய்தபோதும் அதே கீழ்க் குரல்கள்தான் தாங்கின.

ஒற்றுமையைப் பாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் மெட்டையே பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களிடம் மட்டுமல்ல, நம்மூர்க் குழுக்கள் பெரும்பாலானவற்றில் இதே கதைதான். நம் இசை ஒற்றை மெட்டை ஆழமாகத் தோண்டும் இசை, அதில் இரண்டாம் குரலுக்கு வேலை இல்லை. தேவாலயப் பாடகர் குழுக்களில் மட்டும் நான்கு குரல் பாடும் வழக்கம் இருக்கிறது. உங்கள் எட்டுப் பேரில் அப்படி ஒருவர் இருந்தால் இன்றே அவரைக் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

இரண்டாம் குரல் பொதுவாக மெட்டுக்கு மூன்றாவது ஸ்வரம் கீழே நடக்கும். மெட்டு க என்றால் இவர் ச, மெட்டு ம என்றால் இவர் ரி. இதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குபவர்கள் நாலாவது வரியில் மாட்டிக்கொள்வார்கள். கீபோர்டில் ச-க-ப என்ற கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, ஒலிக்கிறது, மெட்டு மேல் ச-வில் நிற்கிறது என்று வையுங்கள். கணக்குப்படி மூன்றாவது கீழே த வரும். அந்த த கோர்டில் இல்லை. பாடினால் பாட்டு திடீரென்று சோகமாகத் திரும்பியதுபோல் ஒலிக்கும். அங்கே ஒரு படி கூட இறங்கி ப-வைப் பிடிக்க வேண்டும். அதேபோல ப-நி-ரி ஒலிக்கும்போது மெட்டு ப-வில் நின்றால் இரண்டாம் குரல் க அல்ல, ரி. சுருக்கமாக, மெட்டு கோர்டின் ஆதார ஸ்வரத்தில் (ச-க-ப என்றால் ச, ப-நி-ரி என்றால் ப) நீண்டு நிற்கும் இடங்களில் மூன்றுக்குப் பதில் நான்கு. ஓடும் ஸ்வரங்களில் இதைப் பார்க்க வேண்டாம், நிற்கும் ஸ்வரங்களில் கட்டாயம் பார்க்க வேண்டும். பாட்டுப் பிரதியில் நீளமாக நிற்கும் அசைகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் மேலும் கோர்டை எழுதி, கீழே இரண்டாம் குரலின் ஸ்வரத்தை எழுதுங்கள். ஒரு மாலை வேலைதான்.

கர்நாடக சங்கீதம் பயின்றவர் குழுவில் இருந்தால் அவரிடம் மெதுவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். இரண்டாம் குரலில் கமகம் கூடாது. மேலே ஒருவர் ப-வை நேராகப் பிடித்திருக்க, கீழே காந்தாரம் அசைந்தால் இருவருமே சுருதி விலகியதுபோலக் கேட்கும். குற்றம் இவருடையது, பழி அவருக்குப் போகும்.

பயிற்சி முறை இது. இரண்டாம் குரல்காரர் முதல் குரலே இல்லாமல், கீபோர்டு கோர்டுகளை மட்டும் வைத்துத் தன் வழியைத் தனிப் பாட்டாகப் பாடட்டும். அது அவருக்கு ஒரு மெட்டாகவே மனதில் பதிய வேண்டும். அதன் பிறகு முதல் குரல் வாய் மூடி முனகட்டும், இவர் பாடட்டும். கடைசியாக இருவரும் சொற்களோடு. இந்த வரிசையை மாற்றினால் எப்போதும் ஒரே தவறு வரும். வரியின் முடிவில் இரண்டாம் குரல் முதல் குரலோடு போய் ஒட்டிக்கொள்ளும். காது அங்கே இழுக்கும். அதற்கு மருந்து, வரியைக் கடைசி ஸ்வரத்திலிருந்து பின்னோக்கிக் கற்பது. கடைசி ஒன்று, கடைசி இரண்டு, கடைசி நான்கு. போய்ச் சேர வேண்டிய இடம் காதுக்கு முன்பே தெரிந்துவிட்டால் வழியில் யாரும் இழுக்க முடியாது.

தனி வரி பாடுபவர் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்லலாம், பொலேரோவின் அழகே அது. தாளம் அசையாமல் போகும், குரல் தயங்கி வந்து வரி முடிவில் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் குரல் இருக்கும் வரியில் இதைச் செய்தால் இரண்டாம் குரல்காரர் தனி வரி பாடுபவரின் வாயைப் பார்த்தே பாட வேண்டும். மேடையில் இருவரையும் பக்கவாட்டில் நிறுத்தாமல் லேசாக ஒருவரை ஒருவர் பார்க்கும் கோணத்தில் நிறுத்துங்கள். ஒரே மைக் என்றால் இரண்டாம் குரல் ஓர் அடி பின்னால். கோரஸில் யாரும் பின்தங்கக் கூடாது.

அந்தக் கோரஸ் வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்த்தராஸ் என்பது 'ஸ்' ஒலியில் முடிகிறது. எட்டுப் பேர் எட்டு வெவ்வேறு நொடித்துளிகளில் அதை முடித்தால் மைக்கில் பாம்பு சீறுவதுபோலக் கேட்கும். ஒருவர் மட்டும் 'ஸ்' சொல்லட்டும், மற்ற ஏழு பேரும் 'ரா'-விலேயே வாயைத் திறந்தபடி நிறுத்தட்டும். கேட்பவருக்கு எட்டுப் பேரும் சொன்னதாகவே இருக்கும். அடுத்து, ன் ஒலிக்குப் பின் வரும் த. நம் நாக்கு மெல்லினத்துக்குப் பின் வல்லினத்தைத் தானாகவே மென்மையாக்கிவிடும், 'பந்து' என்று சொல்லிப் பாருங்கள். அதனால் நம்மவர்கள் இதைக் காந்தாரம்போலப் பாடிவிடுவார்கள். 'பத்து' என்பதில் வரும் வன்மையான த் வேண்டும். அழுத்தம் இரண்டு சொற்களிலும் கடைசி அசையில். உயிரெழுத்தில் முடியும் சொல்லும் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லும் அடுத்தடுத்து வந்தால் ஸ்பானிஷ் பாட்டில் பெரும்பாலும் இரண்டும் ஒரே அசையாகும். லா, எஸ்பெரான்சா என்ற இரண்டும் சேர்ந்தால் நான்கு அசைதான். நாம் பழக்கத்தில் உடம்படுமெய் போட்டு 'லாயெஸ்பெரான்சா' என்று ஐந்தாக்குவோம். அந்த ஒரு அசை கூடியதும் வரி முழுக்கத் தாளத்தை விட்டு நழுவும்.

சுருதி கேட்டிருந்தீர்கள். குறைத்தால் சரியாகாது. கோரஸின் உச்சத்தில் நீங்கள் எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்கிறீர்கள். அந்த ஸ்வரம் ஆண்களுக்குத் தொண்டையின் கூரை, அங்கே சத்தமாகத்தான் வரும். அதே ஸ்வரம் பெண்களுக்கு நடுப்பகுதி, அங்கே மென்மையாகத்தான் வரும். அரைக்கட்டை குறைத்தாலும் ஒரு கட்டை குறைத்தாலும் இந்த உறவு மாறாது, பெண்களின் சரண வரிகள் மட்டும் இன்னும் கீழே போய் வெறும் காற்றாகும். கோரஸை மறுபடி பங்கிடுங்கள். இரண்டு பெண்கள் மெட்டு, இரண்டு பெண்கள் இரண்டாம் குரல், இரண்டு ஆண்கள் மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே, மீதி இரண்டு ஆண்கள் கோர்டில் யாரும் பாடாத மூன்றாவது ஸ்வரம். சரணங்களைத் தனி வரிகளாகப் பிரித்து, தாழ்ந்த வரிகளை ஆண்களுக்கும் ஏறும் வரிகளைப் பெண்களுக்கும் கொடுங்கள்.

இப்படிப் பங்கிட்ட பிறகுதான் கட்டையைத் தீர்மானிக்க வேண்டும். பாட்டின் தொடக்கத்தை வைத்து அல்ல, கடைசிச் சுற்றை வைத்து. இவ்வகைப் பாடல்களில் இறுதியில் சுருதி ஏறுவது சகஜம். 'வீ ஆர் த வேர்ல்ட்' மூன்று கட்டையில் தொடங்கி நான்கு கட்டைக்குப் போகிறது. உங்கள் டிராக்கில் அப்படி ஏற்றம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் சிரமமின்றித் தொடும் உச்ச ஸ்வரத்தைக் கீபோர்டில் குறித்து, அதிலிருந்து ஒரு முழு ஸ்வரம் கழியுங்கள். மெட்டுப் பாடும் இரு பெண்களில் யாருடைய உச்சம் தாழ்வோ, கடைசிக் கோரஸின் மேல் ஸ்வரம் அதைத் தாண்டாதபடி டிராக்கை நகர்த்துங்கள். மூன்று அரைக்கட்டைகளுக்கு மேல் நகர்த்தினால் டிரம்ஸின் ஒலி கெட்டுவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் டிராக்கை விட்டுவிட்டு ஒரு கீபோர்டுக்காரரைக் கூப்பிடுங்கள். டிராக்கில் ஏற்கெனவே கோரஸ் குரல்கள் பதிவாகியிருந்தால் அதுவும் வேண்டாம். அவர்கள் ஒரு வழி, நீங்கள் ஒரு வழி என்று போவீர்கள்.

எட்டுப் பேரில் காது கூர்மையானவர் யாரோ, அவரை முதல் குரலிலிருந்து எடுத்து இரண்டாம் குரலில் வையுங்கள். அவர் வருத்தப்படுவார், அவரிடம் நவாரோவைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆண்கள் கத்தினால் பதிவு செய்து அனுப்புங்கள், கேட்கிறேன்.

அன்புடன்.